நிறை குறைந்த காரும் நிறை குறையாத கூடையும்

பேராதனையிலே தொடங்கி, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை ஆகிய ஊர்களை ஊடறுத்துச் சென்று, செங்கலடியிலே முடிவடைகின்றது ஏ5 எனப்படும் நெடுஞ்சாலை. இச்சாலை தொட்டுச்செல்லும் நுவரெலியாவிலே, சித்திரைப் புத்தாண்டுப் பருவத்திலே, மோட்டார் வாகனங்கள் மலையேறும் பந்தயங்கள் நீண்ட காலமாக நடைபெற்று வந்துள்ளன. இதே சாலையில், இன்னும் கிழக்கே, லுணுகலையிலே, பொழுது புலருமுன்னர் பஸ்வண்டிக்காகக் காத்து நிற்போரும் நீண்ட காலமாகவே காத்து நிற்கின்றனர். கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞர், பதுளை வைத்தியசாலைக்குச் செல்லும் முதியோர், கைக்குழந்தையோடு நிற்கும் தாய்மார் என அவ்வரிசை நீளும். ஒரே தார்ச்சாலை ஒரு சாராருக்கு விளையாட்டரங்கின் வாயிலாகவும் இன்னொரு சாராருக்கு உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடக்கும் பாதையாகவும் அமைந்தமை எவ்வாறு? இவ்வினாவைப் பந்தயத் திடலிலே எழுப்புவோர் இலர். அறிவுலகமேனும் அதனை எழுப்புதல் கடனாகும்.

மலைநாட்டுப் பந்தயங்களிலே மக்களின் கண்ணையும் செவியையும் ஒருங்கே கவர்வன டர்போ எஞ்சின் பூட்டிய யப்பானியக் கார்களாகும். அவற்றுள் மிட்சுபிசி நிறுவனம் 1992 ஆம் ஆண்டு வெளியிட்ட லான்சர் எவலூஷன் பெரும் புகழ் ஈட்டியது. பின்லாந்து நாட்டுச் சாரதியான ரொமி மக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ரலிப் பட்டத்தை வென்றது இக்கார் வரிசையின் துணையோடேயாம். 2016 ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றுபோனபோதும் அதன் பெயர் இளைஞர் நாவிலே இன்றும் வழங்குகின்றது. இக்கார் இரு வடிவங்களில் விற்கப்பட்டது. ஒன்று வீதிக்குரியது, குளிரூட்டியும் மின்சாரச் சாளரங்களும் பிற வசதிகளும் கொண்டது. மற்றையது ஆர்.எஸ். எனப் பெயரிடப்பட்ட பந்தய வடிவம். வேகத்துக்கு உதவாதவை பலவும் களையப்பட்டது. முதல் வெளியீட்டிலே முன்னதன் நிறை 1,240 கிலோ. பின்னதன் நிறை 1,170 கிலோ. எஞ்சின் இரண்டிலும் ஒன்றே, 250 குதிரைவலு. எழுபது கிலோவைக் களைந்ததன் பயனாக, ஒவ்வொரு குதிரைவலுவும் இழுக்கவேண்டிய சுமை ஏறக்குறைய 5 கிலோவிலிருந்து 4.7 கிலோவாகக் குறைகின்றது. நிறையைக் குறைத்தால் வேகம் கூடும். தடுப்பு விரைவிற் பிடிக்கும். வளைவிலே கார் இலகுவிற் திரும்பும். பந்தயக் கலையின் முதற் சூத்திரம் இதுவே.

டர்போ என்னும் பொறிமுறையும் மலைக்கே உரியது எனலாம். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அச்சில்லோடு பிணைந்த மற்றொரு சில்லினாற் காற்றை அமுக்கி எஞ்சினுள் செலுத்துவது அதன் தொழில். சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமம் பெற்றார். 1918 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ் விமான எஞ்சினொன்றில் இதனைப் பொருத்தி, ஏறக்குறைய 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்தின் உச்சியிலே பரிசோதித்தார். உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகும். ஐதான காற்றில் எஞ்சின் திணறும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஐந்திலொரு பங்கை இழந்துவிடும். டர்போ அவ்விழப்பை ஈடுசெய்கின்றது. கழிவென்று கருதப்பட்ட புகையையே வலுவாக மாற்றிய மனித மதியின் சாதனை இது. போற்றத் தக்கதே. அதே மலையிலே கூடையோடு ஏறும் பெண்ணின் சுவாசப்பைக்கு இத்தகைய துணை எதனையும் எந்த மதியும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

இலங்கையின் மோட்டார்ப் பந்தய வரலாறு தேயிலைத் தோட்ட வரலாற்றின் ஒரு கிளையாகும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலே தொடங்கியது. தோட்டத்துப் பாதையே அதன் திடல். ரதல்லையில் நடைபெறும் மலையேற்றப் பந்தயமும் தேயிலைச் சரிவுகளின் நடுவிலேயே அமைந்தது. இப்பாதைகளை வெட்டியவர் யாவர்? மலையைக் குடைந்து, கல்லுடைத்து, மண் சுமந்து, பாதை சமைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரே. கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் இறங்குவதற்காக வெட்டப்பட்ட வளைவுகளிலே, ஓய்வுநேரத்தில் துரைமார் தம் வாகனங்களின் விரைவைச் சோதித்தனர். துரைமார் சென்றபின் கொழும்புச் செல்வந்தர் வந்தனர். ஓட்டுபவர் மாறினர், பாதை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் பாதையோரத்து மண்மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலை மாத்திரம் மாறவில்லை.

ஓடும் காரின் விலையைச் செலுத்துவோரும் ஒருவகையில் இம்மண்மேட்டில் நிற்போரே. இந்நாடு கார் உற்பத்தி செய்யும் நாடன்று. கார், உதிரிப்பாகம், பந்தயச் சக்கரம், பெற்றோல் யாவும் வெளிநாட்டுச் செலாவணியால் வருவன. அச்செலாவணி இல்லாது போனபோது 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றது. தனியார் கார்கள் மீண்டும் இறங்கியது 2025 ஆம் ஆண்டிலேதான். அக்கடுங்காலத்திலும் கொழுந்து பறிக்கும் கை ஓய்ந்ததில்லை. 2024 ஆம் ஆண்டிலே தேயிலை ஏற்றுமதி 140 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஈட்டித் தந்தது. அதே ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2021 இலிருந்து, அது 1,000 ரூபாவாக இருந்தது. நாட்டுக்கு டொலரைத் தேடித் தருபவள் மலையிலே நடந்து செல்கின்றாள். அந்த டொலரிலே வந்த வாகனம் அவளைக் கடந்து பறக்கின்றது.

நிறைக்குறைப்பு என்னும் சொல்லுக்குத் தோட்டத்திலே வேறொரு பொருள் உண்டு. லுணுகலையைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைப் பகுதிகளாயினும், மலைநாட்டின் வேறெப்பகுதியாயினும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொழிலாளர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறைப்பாடு ஒன்றே. ஈரத்துக்கென்று ஒரு கிலோ, பைக்கென்று ஒரு கிலோ, முற்றல் இலைக்கென்று இன்னொரு கிலோ எனக் கழிக்கப்படுகின்றது. சுமந்து வந்த முதுகு அறிந்த நிறை வேறு. கணக்குப் புத்தகத்திலே எழுதப்படும் நிறை வேறு. நாளொன்றுக்கு 18 கிலோ என்று பல தோட்டங்கள் விதித்துள்ள அளவு எட்டப்படாவிடின் அன்றைய உழைப்பு 'அரைப்பேர்' ஆகச் சுருங்கும். பந்தயக் காரிலிருந்து களையப்பட்ட எழுபது கிலோ, ஏறக்குறைய நான்கு பெண்கள் ஒரு பகல் முழுவதும் பறித்த கொழுந்தின் நிறையாகும். அங்கே எழுபது கிலோ குறைந்ததற்காக விலை கொடுத்து மகிழ்கின்றனர். இங்கே ஒரு கிலோ கழிக்கப்பட்டமைக்காக ஒரு குடும்பத்தின் இராவுணவு குறைகின்றது.

இவ்வொப்பீடு உணர்ச்சியைத் தூண்டுவதற்காகச் சொல்லப்படுவது, காரின் நிறைக்கும் கூடையின் நிறைக்கும் தொடர்பில்லை என்று மறுப்போர் உளர். தொடர்பு உண்டு. பொறியியல் என்பது எச்சுமை குறைக்கத் தக்கது என்று தெரிவு செய்யும் கலை. உலகெங்கும் பல்கலைக்கழக மாணவர் பந்தயக் கார் வடிவமைத்துப் போட்டியிடுகின்றனர். ஓர் ஆணியின் நிறையைக் குறைப்பதற்கு வாரக்கணக்கில் கணினியின் முன் அமர்ந்திருக்கின்றனர். அத்திறமையில் நூற்றிலொரு பங்கு கொழுந்துப் பையின் பட்டிக்கு, அது நெற்றியிலும் முதுகெலும்பிலும் அழுந்தும் முறைக்கு, செங்குத்தான மலையிலிருந்து அதனை இறக்கும் வழிக்குச் செலவிடப்பட்டிருப்பின் இன்று மலைநாட்டிலே எத்தனை முதுகுகள் நிமிர்ந்திருக்கும்? கிராம் கணக்கில் நிறை பார்க்கும் விஞ்ஞானம் ஒரு பெண்ணின் முதுகைக் காணாது போனமை அறியாமையால் அன்று. அவளிடம் வாங்கும் வலு இல்லாமையாலேயே அவ்வாறு நேர்ந்தது.

இனி, உயிரின் கணக்கைப் பார்ப்போம். பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையிலே பொக்ஸ் ஹில் எனப்படும் பந்தயத் திடல் உண்டு. இராணுவப் பயிற்சி நிலத்தில் அமைந்த மண்பாதை அது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே நடைபெற்ற பந்தயத்திலே பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்தினுட் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோருள் போட்டிக்கு உதவியாகப் பணிபுரிந்தோரும் இருந்தனர். பந்தயக் காரினுள் இருப்பவரைச் சுற்றி உருக்குக் குழாயாலான கூடு உண்டு, உடலை இருக்கையோடு பிணைக்கும் பட்டிகள் உண்டு, தலைக்கவசம் உண்டு, தீயணைக்கும் கருவி உண்டு. மண்மேட்டிலே தந்தையின் கைபிடித்து வேடிக்கை பார்க்க வரும் குழந்தைக்கு என்ன உண்டு?

வெளியுலகம் இப்பாடத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கற்றது. 1955 யூன் 11 ஆம் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்திலே மெர்சிடிஸ் கார் ஒன்று கூட்டத்தினுட் சிதறியது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிறையைக் குறைப்பதற்காக அக்காரின் உடல் மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டிருந்தது. அவ்வுலோகமே தீப்பற்றி அணைக்க இயலாதவாறு எரிந்தது. ஓட்டத்துக்கு இலகுவாக்கிய பொருள் பார்த்து நின்றோருக்கு நெருப்பாயிற்று. அதன் பின்னர் டர்போவைக் கண்டுபிடித்தவரின் தாயகமான சுவிற்சர்லாந்து தன் மண்ணிலே சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்து, பல பத்தாண்டுகள் அத்தடையைப் பேணியது. தடை செய்யாத நாடுகளும் பார்வையாளரைப் பாதையிலிருந்து தூர விலக்கின. தடுப்புச் சுவர் எழுப்பின. கார் தறிகெட்டால் வேகம் தணிவதற்கு வெளிநிலம் ஒதுக்கின. அங்கெல்லாம் நடைமுறையான இவ்வறிவு தியத்தலாவைக்கு ஏழு உயிர்களைப் பறித்துக்கொண்டே வந்து சேரவேண்டுமா?

அதே மாவட்டத்தின் வேறு இரு நாட்களையும் இங்கு நினைவுகூர்தல் தகும். 2021 மார்ச் 20 ஆம் திகதி காலையிலே, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ்வண்டி, பசறை 13 ஆம் மைல்கல் அருகே பள்ளத்திலே வீழ்ந்தது. பதினான்கு பேருக்குக் குறையாதோர் இறந்தனர். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். மலையிலிருந்து சரிந்த பாறையொன்று அவ்விடத்திலே பாதையின் அகலத்தைக் குறுக்கியிருந்தது. 2025 செப்தெம்பர் 4 ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியிலே சுற்றுலா வந்தோரின் பஸ்வண்டி பள்ளத்திலே வீழ்ந்து பதினைந்து பேர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் கூறலாம். சாரதிமேற் குற்றம் சாட்டி வழக்கை முடித்துவிடலாம். ஆயின் வீழ்ந்த பாறையை யார் அகற்றாது விட்டனர், பள்ளத்தின் விளிம்பிலே காவற்சுவர் ஏன் எழவில்லை, லொறிச் சட்டத்தின்மேல் உடல் கட்டப்பட்ட வண்டி கவிழும்போது அதன் கூரை எவ்வளவைத் தாங்கும் என்பன சாரதியிடம் கேட்கும் வினாக்கள் அல்ல.

மோட்டார்ப் பந்தயத்தை ஆதரிப்போரின் வாதங்களையும் நேர்மையாக எடுத்து நோக்குதல் வேண்டும். பந்தயத் திடலே வீதி வாகனத்தின் பரிசோதனைக் கூடம் என்பது அவர்தம் முதல் வாதம். இதில் உண்மை உண்டு. 1953 ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்திலே யாகுவார் கார்கள் வெற்றிபெறத் துணைசெய்த வட்டத் தடுப்பு இன்று சாதாரணக் கார்களிலும் இருக்கின்றது. டர்போவும் அவ்வாறே பரவியது. இன்று மலைப்பாதையில் ஓடும் பஸ்வண்டிகளினதும் லொறிகளினதும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அது உண்டு. இவ்வாதத்தின் குறையும் இங்கேயே வெளிப்படுகின்றது. வலுவைக் கூட்டும் கருவி பஸ்வண்டிக்கு வந்துசேர்ந்தது. உயிரைக் காக்கும் கூடும் பட்டியும் வந்துசேரவில்லை. வலுவைக் கூட்டினால் உரிமையாளருக்கு இலாபம். கூட்டை வலுப்படுத்தினால் அவருக்குச் செலவு. ஆதலின் பரிசோதனைக் கூடத்திலிருந்து எது மக்களிடம் இறங்கிவரும் என்பதைத் தீர்மானிப்பது விஞ்ஞானம் அன்று, இலாபமே.

மலைநாட்டு இளைஞரும் இப்பந்தயங்களை விரும்பிப் பார்க்கின்றனர். அவர்தம் மகிழ்ச்சியைப் பறித்தல் தகுமா என்பது இரண்டாவது வாதம். பறித்தல் தகாது. வாரம் முழுவதும் மலையிலும் தொழிற்சாலையிலும் வாடும் இளைஞன் ஒருநாள் எஞ்சினின் முழக்கத்தைக் கேட்டுப் பூரிப்பது இயல்பே. ஓட்டுநரின் துணிவும் கராஜில் இரவிரவாகக் கண்விழிக்கும் மெக்கானிக்கின் கைத்திறனும் மெய்யான கலைகள். தோட்டத்திலே பிறந்து நகரத்துக் கராஜ்களிலே எண்ணெய்க் கையோடு தொழில் கற்ற பிள்ளைகளின் உழைப்பும் அக்கலையிலே கலந்துள்ளது. அம்மகிழ்ச்சிக்கு மதிப்பளிப்போர் முதலில் அம்மகிழ்ச்சியைத் தேடி வருபவரின் உயிருக்கு மதிப்பளித்தல் வேண்டும். கூட்டம் கூடுவதைப் பெருமையாக அறிவிப்போர், கூடிய கூட்டத்தைக் காப்பதற்கு ஒரு சுவர் எழுப்பாதிருப்பின், அவர் கூறும் மக்கள் அன்பு வெறும் விளம்பரமேயாம்.

சுற்றுலா வருவாய் பெருகும் என்பது மூன்றாவது வாதம். வருவாய் பெருகட்டும். அவ்வருவாய் விடுதிக்குச் செல்கின்றதா, வீதிக்கு வருகின்றதா என்பதே வினா. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தின் குடியிருப்புகளை அழித்துப் பாதைகளையும் துண்டித்தன. மலை எத்துணை நொய்ந்தது என்பதை அந்நாட்கள் எல்லோர்க்கும் காட்டின. அத்தகைய மலையிலே முதலிற் செப்பனிடப்பட வேண்டியது எது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

ஆகவே வேண்டப்படுவது பந்தய ஒழிப்பு அன்று. மூன்று செயல்கள் வேண்டப்படுகின்றன. முதலாவது, தடுப்புச் சுவரும் போதிய வெளிநிலமும் இல்லாத திடலிலே, அது எத்துணைப் பழமை வாய்ந்ததாயினும், எவருக்கு உரியதாயினும், பார்வையாளரை அனுமதித்தல் கூடாது. இரண்டாவது, பந்தயக் கார் ஓடுமுன் தொழினுட்ப அதிகாரிகள் அதன் தடுப்பையும் சக்கரத்தையும் கூட்டையும் பட்டியையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கின்றனர். குறை கண்டால் ஓட அனுமதிப்பதில்லை. பதுளைக்கும் பிபிலைக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு பஸ்வண்டிக்கும், தொழிலாளரை ஏற்றிச்செல்லும் ஒவ்வொரு லொறிக்கும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் அதே கண்டிப்பு வேண்டும். ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் அபாயத்துக்கு இத்துணைக் காவல் இருக்க, ஐம்பது பேர் வேறு வழியின்றி ஏற்கும் அபாயத்துக்கு ஏன் இருத்தலாகாது? மூன்றாவது, கொழுந்து நிறுக்கும் இடத்திலே பையின் நிறையும் ஈரத்தின் கழிவும் எவ்வளவு என்பது தொழிலாளியின் கண்முன்னே அளந்து அறிவிக்கப்பட வேண்டும். பந்தயத்திலே காரின் நிறையைத் தராசிலேற்றி யாவரும் காண அளக்கின்றனர். அந்நேர்மை கொழுந்துக்கும் உரியதே.

இம்மூன்றும் பெருஞ்செலவின் பாற்பட்டனவல்ல. இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டுவதில்லை. உள்ள அறிவை உரிய இடத்திலே சேர்ப்பிக்கும் மனமே வேண்டும். அம்மனத்தை ஆக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. மலைநாட்டிலிருந்து ஒவ்வோராண்டும் பல்கலைக்கழகம் புகும் மாணவரிற் பலர், கொழுந்து நிறுவையிலே ஒரு கிலோ கழிக்கப்பட்ட தாயின் உழைப்பாலேயே இங்கு வந்து சேர்ந்தவர்கள். பொறியியல் கற்போரும் பொருளியல் கற்போரும் சட்டம் கற்போரும் பட்டம் பெற்ற பின்னர் எச்சுமையைக் குறைக்கப் போகின்றார்கள் என்பதே அவர்தம் கல்வியை அளக்கும் தராசாகும்.

நாளை காலையிலும் லுணுகலையிலிருந்து பஸ்வண்டி புறப்படும். இருக்கைகள் நிரம்பிய பின்னரும் மிதிபலகைவரை ஆட்கள் நிற்பர். பசறை 13 ஆம் மைல்கல்லைக் கடக்கும்போது பேச்சு நின்று, அறிந்தவர் சிலர் பள்ளத்தின் பக்கம் பார்ப்பர். அவ்வண்டியின் தடுப்பைக் கடைசியாகப் பரிசோதித்தவர் யார், எப்போது என்று அவர்களுள் ஒருவரும் அறியார். இக்கேள்விக்கு விடை கிடைக்கும் வரை, 1,240 கிலோவை 1,170 கிலோவாக்கிய திறமையைப் பாராட்டிக் கைதட்டுவோர் சற்றுப் பொறுத்துக் கைதட்டலாம்.